பின்பால் மெஷினை நகர்த்துவது எப்படி? வீட்டு கேம் ரூமுக்கான முழு வழிகாட்டி

பின்பால் மெஷினைத் தரையில் தேய்த்து இழுக்கக் கூடாது. கீழே வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான்.

சாதாரண அகலமுள்ள மெஷின் 230 முதல் 290 பவுண்டு வரை, அதாவது 105 முதல் 130 கிலோ வரை இருக்கும். 1993-இல் வந்த ட்விலைட் ஸோன் போன்ற அகல மாடல்கள் 300 பவுண்டை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். இத்தனை எடையும் நான்கு இரும்புக் கால்களின் மேல்தான். பெரும்பாலான மாடல்களில் கால் ஒவ்வொன்றும் 28½ அங்குல நீளம். அதைக் கேபினெட்டின் மூலையோடு பிடித்திருப்பவை, மேல்முனையில் சில அங்குல இடைவெளியில் இருக்கும் 2 போல்ட்டுகள். நேர் கீழாக இறங்கும் பாரத்தை இந்த அமைப்பு எத்தனை வருடமானாலும் தாங்கும். பக்கவாட்டில் விழும் உதையைத் தாங்காது. காலின் அடிப்பாகம் கார்ப்பெட்டிலோ டைல் இடுக்கிலோ சிக்கிக்கொண்டிருக்கும்போது மேலே தொடர்ந்து தள்ளினால், கால் முழுவதும் நெம்புகோலாகி மூலையைப் பிளக்கப் பார்க்கும்.

முதலில் போவது லெவலர். காலின் அடியில் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மரையுள்ள பாதம் அது. மரை எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறதோ அவ்வளவு எளிதாக வளையும். அடுத்தது, மூலையின் உட்புறத்தில் போல்ட்டைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு. அது மரத்திலிருந்து தளர்ந்து ஆட்டம் கண்டுவிடும். காலின் மேல் விளிம்பு கேபினெட் ஓவியத்தை உரித்தெடுக்கும். இன்றைய ஸ்டெர்ன் நிறுவன மெஷின்களில் ஓவியம் ஒட்டுப்படம் என்பதால், ஒரு முனை கிழிந்தால் அந்தப் பக்கப் படத்தையே மாற்ற வேண்டியிருக்கும். 1980-களுக்கு முந்தைய கேபினெட்டில் பெயின்ட்டோடு மரச்சிம்பும் பெயரும்.

ஆகவே நகர்த்துவதற்கு மூன்று வழிகள்தான் உள்ளன. வழுக்கும் தட்டுகளில் வைத்துத் தள்ளுவது, லிஃப்ட் டேபிளில் ஏற்றி உருட்டுவது, கால்களைக் கழற்றி நிமிர்த்தி ட்ராலியில் கொண்டுபோவது. ஒரே அறைக்குள் என்றால் முதல் இரண்டே போதும். கதவையோ படிக்கட்டையோ கடக்க வேண்டும் என்றால் மூன்றாவது. (1979-இல் அட்டாரி வெளியிட்ட ஹெர்குலிஸ் என்ற ராட்சத மெஷினுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. 7 அடிக்கு மேல் நீளமுள்ள அதை நகர்த்துவது கிட்டத்தட்ட வீடு மாற்றுவதற்குச் சமம்.)

முதலில் அளவெடுங்கள்

ஒரு சாதாரண மெஷினின் கேபினெட் 22 அங்குல அகலம், ஏறக்குறைய 52 அங்குல நீளம். மேலே நிற்கும் தலைப்பெட்டி 28 முதல் 29 அங்குல அகலம். தரையிலிருந்து தலைப்பெட்டியின் உச்சி வரை 75 அல்லது 76 அங்குலம். அதன் மேல் டாப்பர் என்ற அலங்காரத் துண்டு பொருத்தியிருந்தால் உயரம் இன்னும் கூடும். பேஸ்மென்ட்டில் உத்தரமும் ஏசி குழாயும் தாழ்ந்து தொங்கும் இடங்களை டேப் வைத்து அளந்துவிடுங்கள். டாப்பரை முன்பே கழற்றி வைப்பது இன்னும் நல்லது.

வரிசையாக அடுக்கும்போது மெஷினுக்கு மெஷின் 30 அங்குலம் என்று கணக்கு வையுங்கள். தலைப்பெட்டிகளுக்கு இடையில் 1 அங்குலம் கிடைத்தாலே போதும். நிறையப் பேர் கேபினெட்டின் 22 அங்குலத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசி மெஷின் நுழையாமல் திண்டாடுவார்கள்.

வரிசைக்கு எதிரே எவ்வளவு இடம் வேண்டும்? விளையாட 3 அடி போதும். பிளேஃபீல்டின், அதாவது பந்து உருளும் பலகையின், மேலிருக்கும் கண்ணாடி 43 அங்குல நீளம், அது முன்பக்கமாகத்தான் உருவப்படும். அதற்கு 4 அடி வேண்டும். மெஷினை முழுதாக வெளியே இழுத்துத் திருப்ப, மெஷினின் நீளத்தோடு ஓர் ஆள் நிற்கும் இடமும் சேர்த்து 7 அடி இருந்தால் நிம்மதி. அவ்வளவு இல்லாவிட்டாலும் வழி உண்டு. தலைப்பெட்டி பின்கோடியில் இருப்பதால் நெருக்கடி முதல் 1 அடிக்கு மட்டுமே. பக்கத்து மெஷின்களின் தலைப்பெட்டிகளைத் தாண்டி வந்துவிட்டால், கேபினெட்டுகளுக்கு இடையில் 8 அங்குலம் இருக்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாகத் திருப்பி எடுக்கலாம்.

பல மெஷின்களை இடம் மாற்றப் போகிறீர்கள் என்றால், கையை வைக்கும் முன் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வரிசையில் எங்காவது ஒரு மெஷினுக்கான இடம் காலியாக இருந்தால், மற்றவற்றை ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளி வரிசையையே மாற்றிவிடலாம். காலி இடமே இல்லையென்றால் ஒன்றை அறைக்கு வெளியே எடுத்தாக வேண்டும். அறை கொள்ளும் அளவுக்கு மெஷின் வாங்கி நிரப்புகிறவர்கள் இதைப் பிறகுதான் உணர்கிறார்கள். அடிக்கடி பழுது பார்க்க வேண்டிய பழைய மெஷினை மூலையில் அடைத்து வைக்காதீர்கள். அதற்கு வரிசையின் திறந்த முனைதான் சரியான இடம்.

தரை தாங்குமா என்ற கேள்வி மாடி அறைகளில் வரும். 250 பவுண்டு மெஷின் தரையில் 27-க்கு 55 அங்குலம், அதாவது சுமார் 10 சதுர அடி இடம் பிடிக்கிறது. சதுர அடிக்கு 24 அல்லது 25 பவுண்டு. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகள் வாழும் அறைகளுக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டும், படுக்கையறைகளுக்கு 30 பவுண்டும் கணக்கிடுகின்றன. ஒரு சுவரோரம் ஒரு வரிசை நிற்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. படுக்கையறையை கேம் ரூமாக்கி, நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை வைத்து, சுற்றிலும் ஆட்களையும் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கட்டடப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வினைல் தரையில் இன்னொரு தொல்லை உண்டு. நான்கு லெவலர்களும் தலா 28 கிலோவுக்கு மேல் சிறு வட்டத்தில் அழுத்துவதால் தரையில் குழி விழும். அகலமான ரப்பர் கிண்ணங்களை அடியில் வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

கால் போல்ட்டுக்கு ⅝ அங்குல சாக்கெட். சில மெஷின்களில் 9/16 வரும், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் செட்தான் இருக்கிறது என்றால் 16 மி.மீ. சாக்கெட் ⅝-க்குப் பொருந்தும். 1990-களின் வில்லியம்ஸ், பாலி நிறுவன மெஷின்களில் தலைப்பெட்டியின் பின்பக்கத் தாழ்ப்பாளைத் திறக்க 5/16 அங்குல ஆலன் கீ. காயின் டோர், அதாவது முன்பக்கத்தில் காசு போடும் கதவு, அதன் சாவி. 2 ராட்செட் பெல்ட், 3 கெட்டியான போர்வை, கொஞ்சம் அட்டை, 4 அங்குலச் சதுரக் கட்டைகள் சில, ரசமட்டம், மாஸ்கிங் டேப், பேனா. கழற்றும் திருகுகளைப் போட்டு வைக்க ஜிப் பை. மூடிய ஷூ கட்டாயம். செருப்புக் காலோடு இந்த வேலைக்கு வரக் கூடாது.

வழி 1: வழுக்குத் தட்டுகள்

செலவு குறைந்த வழி. மரத்தரை, டைல், வினைலுக்கு அடியில் கம்பளி ஒட்டிய தட்டு. கார்ப்பெட்டுக்கு வழவழப்பான கடின பிளாஸ்டிக் தட்டு. லெவலரின் பாதம் உள்ளே உட்காரும்படி கிண்ணம் போலக் குழிவாக இருக்க வேண்டும். தட்டையான தட்டில் பாதம் நழுவி ஓரத்துக்கு வந்துவிடும்.

மெஷினை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்து, வயரைச் சுருட்டிக் கேபினெட்டோடு கட்டுங்கள். தரையைப் பெருக்குங்கள். கம்பளிக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் அறை நீளத்துக்குக் கோடு விழும்.

ஒருவர் முன்பக்கத்தில் குத்துக்காலிட்டு, கேபினெட்டின் அடிப்பலகை பக்கச் சுவரோடு சேரும் விளிம்பைப் பிடித்து 2 அங்குலம் தூக்கட்டும். கண்ணாடியை முன்பக்கத்தில் பிடித்திருக்கும் உலோகப் பட்டையான லாக்டவுன் பாரைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது உள்ளிருக்கும் தாழ்ப்பாளில் மட்டும் நிற்கிறது. இன்னொருவர் லெவலர்களை உள்ளே முழுதாகத் திருகிவிட்டுத் தட்டுகளைச் செருகட்டும். எத்தனை சுற்று திருகினீர்கள் என்று காலில் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதிவையுங்கள், பிறகு மட்டம் பார்க்க உதவும். தூக்கியிருக்கும்போது விரல்கள் பாதத்தின் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், அடியில் போகக் கூடாது. பின்பக்கத்திலும் இதே வேலை. தலைப்பெட்டி அங்கே இருப்பதால் கூடுதல் பாரம் இருக்கும்.

தள்ளும்போது கை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கேபினெட்டின் கீழ்ப்பகுதியில், கால் சேரும் மூலைக்கு அருகில் கையை வைத்துத் தள்ளுங்கள். தலைப்பெட்டியைப் பிடித்துத் தள்ளினால் மெஷின் நகர்வதற்கு முன் சாயும். ஒருவர் பின்னாலிருந்து தள்ள, மற்றவர் முன்னால் வழி காட்டட்டும். கார்ப்பெட் முடிந்து டைல் தொடங்கும் இடத்தில் மெஷின் நின்றால், வேகம் கொடுத்துத் தாண்ட வைக்காதீர்கள். முதலில் முன்கால்களைத் தூக்கித் தாண்டி வைத்து, பிறகு பின்கால்களைத் தாண்டி வையுங்கள்.

இடத்துக்கு வந்ததும் கம்பளித் தட்டுகளை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், விளையாடுகிறவர் பந்தைத் திருப்ப மெஷினை உலுக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து பக்கத்து மெஷினை இடிக்கும்.

வழி 2: லிஃப்ட் டேபிள்

மெஷின் 4 அல்லது 5 தாண்டிவிட்டால், கால் மிதியால் உயரும் ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிள் ஒன்றை வாங்கிவிடுவது முதுகுக்கு நல்லது. 500 பவுண்டு தாங்கும் வகை போதும், 1,000 பவுண்டு வகையின் மேற்பலகை இன்னும் நீளம் என்பதால் மெஷின் நன்றாக உட்காரும். இரண்டும் 9 அங்குல உயரத்தை ஒட்டித் தாழும் என்பதால் கேபினெட்டுக்கு அடியில் எளிதாக நுழையும்.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. டேபிளின் மேற்பலகை 18 முதல் 20 அங்குல அகலம், கேபினெட் 22 அங்குலம். அப்படியே தூக்கினால் பாரம் முழுதும் கேபினெட்டின் அடிப்பலகையில் விழும். அந்தப் பலகை மெல்லியது. டிரான்ஸ்ஃபார்மர் அதன் மேல்தான் போல்ட் போட்டு நிற்கிறது, பல மாடல்களில் ஸ்பீக்கருக்காக அதில் ஓட்டையும் உண்டு. உப்பினாலும் விரிந்தாலும் பிறகு சரிசெய்வது கடினம். ஆகவே டேபிளின் குறுக்கே 24 அங்குல நீளத்தில் இரண்டு 2×4 மரக்கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் கார்ப்பெட் துண்டு ஒட்டுங்கள். கேபினெட்டின் கனமான பக்கச் சுவர்கள் கட்டைகளின் மேல் உட்காரும், அடிப்பலகைக்குப் பாரமே இருக்காது.

மெஷினை முதலில் சுவரிலிருந்து வெளியே கொண்டுவர வழுக்குத் தட்டுகள்தான் வேண்டும். பிறகு டேபிளைப் பின்பக்கத்திலிருந்து இரு கால்களுக்கு இடையில் நீளவாக்கில் நுழையுங்கள். மெஷினின் பாரம் பின்பாதியில் அதிகம் என்பதால் முன்பக்கமிருந்து நுழைத்தால் பின்பக்கம் தொங்கிச் சாயும். கட்டைகள் சுவர்களைத் தொடும் வரை மிதித்துவிட்டு நிறுத்தி, இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். வயர், போல்ட் தலை, ஸ்பீக்கர் மூடி எதுவும் கட்டையின் மேல் இருக்கக் கூடாது.

இனி மெதுவாக மிதியுங்கள். பாதங்கள் தரையிலிருந்து அரை அங்குலம் எழுந்தால் போதும். அதற்கு மேல் தூக்காதீர்கள். கால்கள் தரையை ஒட்டி இருக்கும் வரை, மெஷின் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கக் கால் உடனே ஊன்றிக்கொள்ளும். 6 அங்குலம் தூக்கிவிட்டு உருட்டினால் சாய்வதைக் கையால் தடுக்க முடியாது. முன்பக்கம் எழுந்து பின்பக்கம் எழவில்லை என்றால் இறக்கி, டேபிளை 2 அங்குலம் பின்னுக்கு நகர்த்தி மீண்டும் தூக்குங்கள். தலைப்பெட்டியை மடித்து வைத்துக்கொண்டு உருட்டினால் பாரம் கீழே இறங்கி இன்னும் நிதானமாகப் போகும்.

வழி 3: கால்களைக் கழற்றி நிமிர்த்துவது

கதவு, படிக்கட்டு, வேன் எல்லாவற்றுக்கும் இதுதான். இரண்டு பேர் வேண்டும். மெஷின் செங்குத்தாக நிற்கப் போகிறது என்பதால், உள்ளே தளர்ந்து கிடக்கும் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

முதலில் பந்துகள். ஒரு பந்து 1 1/16 அங்குல விட்டம், 80 கிராம் எஃகு. மெஷினை நிமிர்த்தும்போது அது பிளேஃபீல்டில் மேலிருந்து உருண்டு பிளாஸ்டிக்குகளை உடைக்கும். காயின் டோரைத் திறந்து, உள்ளே இருக்கும் நெம்பைத் தள்ளினால் லாக்டவுன் பார் விடுபடும். கண்ணாடியை உங்களை நோக்கி உருவுங்கள். டெம்பர் செய்த கண்ணாடியின் நடுவில் தட்டினால் ஒன்றும் ஆகாது, அதன் மூலை டைல் தரையில் லேசாக இடித்தாலே நொறுங்கிக் கொட்டிவிடும். எப்போதும் கார்ப்பெட் அல்லது போர்வையின் மேல் நிறுத்துங்கள். பல மெஷின்களின் டெஸ்ட் மெனுவில் பந்துகளை வெளியேற்றும் வசதி இருக்கிறது, மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் அதைப் பயன்படுத்துங்கள். எடுத்த பந்துகளை மேனுவலில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ட்விலைட் ஸோனில் 6 பந்துகள், அவற்றில் வெள்ளை நிறத்தில் இருக்கும் செராமிக் பந்தைத் தனியாகத் துணியில் சுற்றிவையுங்கள்.

அடுத்தது டில்ட் குண்டு. கேபினெட்டுக்குள் இடது பக்கம், காயின் டோருக்கு அருகில், ஒரு கம்பியில் தொங்கும் கூம்பு வடிவ உலோகத் துண்டு அது. மெஷினை அளவுக்கு மேல் உலுக்கினால் கண்டுபிடித்து 'டில்ட்' என்று ஆட்டத்தைத் தடுப்பது அதுதான். கழற்றி ஜிப் பையில் போடுங்கள். நிமிர்த்தும்போது தெறித்து டிரான்ஸ்ஃபார்மர் அருகில் விழுந்துவிட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது ஃபியூஸ் போகும். காசுப் பெட்டி, உதிரிக் காசு, மேனுவல், உதிரிபாகப் பை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கண்ணாடியைத் திரும்பப் போட்டு லாக்டவுன் பாரைப் பூட்டுங்கள்.

பிறகு தலைப்பெட்டியை மடியுங்கள். லாக்டவுன் பார் மேலும் பக்கக் கம்பிகள் மேலும் மடித்த போர்வையைப் பரப்புங்கள். பின்பக்கத் தாழ்ப்பாளை ஆலன் கீயால் திருப்புங்கள். சிலர் கூடுதல் பாதுகாப்புக்காகத் தலைப்பெட்டியின் உட்புறத்திலிருந்து கீழ்நோக்கி போல்ட் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். தாழ்ப்பாள் விடுபட்டும் அசையவில்லை என்றால் போல்ட் இருக்கிறது என்று அர்த்தம், நெம்பாதீர்கள். இருவரும் பக்கத்துக்கு ஒருவராக நின்று மெதுவாக முன்னோக்கி இறக்குங்கள். கழுத்துப் பகுதியில் போகும் வயர்க்கொத்து கீலுக்கு இடையில் நசுங்குகிறதா என்று பாதி வழியில் நிறுத்திப் பாருங்கள். இறக்கியதும் தலைப்பெட்டியையும் கேபினெட்டையும் சேர்த்து ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள், மூலைகளில் அட்டை வையுங்கள். பெல்ட் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். ராட்செட்டின் பலத்தை முழுவதும் காட்டினால் பக்கக் கம்பி வளையும்.

இப்போது கால்கள்.

1. மெஷின் நான்கு காலில் நிற்கும்போதே 8 போல்ட்டுகளையும் கால்வாசிச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அடுத்த படியில் கொடுக்கும் முட்டின் மேல் நிற்கும்போது இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டினால் மெஷின் ஆடும்.

2. ஒருவர் பின்பக்கத்தைத் தூக்க, மற்றவர் கேபினெட்டின் பின்விளிம்புக்கு அடியில் உறுதியான மர முட்டு கொடுக்கட்டும். கார் ஜாக்கியின் மேல் 24 அங்குலக் கட்டை வைத்தும் தூக்கலாம்.

3. பின்கால்களைக் கழற்றுங்கள். கால்கள் நான்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், லெவலரின் உயரம்தான் வேறு. 'பின் இடது', 'பின் வலது' என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். காலுக்கும் கேபினெட்டுக்கும் இடையில் ஃபெல்ட் அல்லது பிளாஸ்டிக் காப்புத் தகடு இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

4. பின்பக்கத்தைத் தரையில் விரித்த போர்வையின் மேல் இறக்குங்கள். மின்வயர் பின்பக்கமாக வெளியே வரும் இடம் அதற்கு அடியில் சிக்கவே கூடாது.

5. ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கி மேலேற்ற, மற்றவர் தலைப்பெட்டிப் பக்கம் நின்று பிடிக்கட்டும். செங்குத்தை நெருங்கும்போது பாரம் திடீரென்று குறைந்து, மெஷின் அந்தப் பக்கம் விழப் பார்க்கும். தூக்குகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

6. நின்றதும் பாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் முன்கால்களைக் கழற்றுங்கள். மெஷினைத் தலைப்பெட்டிப் பக்கம் துளி சாய்த்து, ட்ராலியின் தட்டை அடியில் நுழையுங்கள். ட்ராலியின் சட்டம் கேபினெட்டின் அடிப்பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும். பெல்ட் கட்டுங்கள்.

கதவு 32 அங்குலம் என்றால் கவலையில்லை. 30 அங்குலக் கதவில், திறந்த கதவின் தடிமன் போக மிஞ்சுவது தலைப்பெட்டியின் அகலத்துக்கு அப்படியே சரியாக வரும். கீல் ஊசிகளைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றி வைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். விரல் முட்டியை நிலையில் உரசாமல் காப்பாற்றுவது அந்த ஓர் அங்குலம்தான்.

படிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நேரான படியாக இருந்தால் மேலே ஒருவர் ட்ராலியைப் பிடிக்க, கீழே ஒருவர் ஓரமாக நின்று தாங்கலாம். மெஷின் நழுவினால் ஒதுங்க வழியில்லாத இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. நடுவில் திரும்பும் படி என்றால் எஸ்கலேரா போன்ற மோட்டார் ட்ராலியை வாடகைக்கு எடுங்கள், அல்லது இதையே தொழிலாகச் செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு மருத்துவமனைச் செலவைவிடக் குறைவு.

தலைப்பெட்டி மடியாத பழைய மெஷின்கள்

1970-களின் இறுதி வரை வந்த, ரிலேக்களும் மோட்டாரும் இயக்கும் எலக்ட்ரோமெக்கானிக்கல் மெஷின்களிலும், தொடக்ககால எலக்ட்ரானிக் மெஷின்கள் பலவற்றிலும் கீல் கிடையாது. தலைப்பெட்டியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் முன்கண்ணாடியை எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்துக் கண்ணாடிகளில் படம் பின்பக்கம் நேரடியாக அச்சானது. விரல் பட்டாலே உதிரும் நிலையில் பல இருக்கும், பின்பக்கத்தைத் துடைக்கவே கூடாது. ஜன்னல் கண்ணாடியைப் போல நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோய், யாரும் புழங்காத இடத்தில் வையுங்கள்.

உள்ளே திறந்ததும் போன் கேமராவில் கனெக்டர் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். பிளக்கிலும் அது சேரும் இடத்திலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்து எடுங்கள். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒருவர் தலைப்பெட்டியைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். ஸ்கோர் ரீல்களும் ரிலேக்களும் உள்ளே இருப்பதால், எலக்ட்ரோமெக்கானிக்கல் தலைப்பெட்டி பார்வைக்குத் தெரிவதைவிட நல்ல கனம்.

திரும்ப நிறுத்துவதும் மட்டம் பார்ப்பதும்

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் அதுவே மாட்டும் வரிசை. நிமிர்ந்து நிற்கும்போது முன்கால்கள், முன்பக்கத்தை இறக்கியபின் பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்துப் பின்கால்கள். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் 3 அல்லது 4 சுற்று ஏற்றிவிட்டுத்தான் சாக்கெட்டைத் தொட வேண்டும். விரலுக்கு ஏறாத போல்ட்டைக் கருவியால் ஏற்றினால் மரை அழியும். இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் உள்ளிருக்கும் தகடு மரத்தை விட்டு வந்துவிட்டது. பிளேஃபீல்டைத் தூக்கி, உள்ளேயிருந்து தகட்டைத் திருகி நிறுத்தாமல் அந்தக் காலின் மேல் மெஷினை விடாதீர்கள்.

தலைப்பெட்டியை நிமிர்த்தித் தாழ்ப்பாளைப் போட்டதும் ஒருமுறை கையால் முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. தாழ்ப்பாள் பின்பக்கம் இருப்பதால், மெஷினைச் சுவரோடு தள்ளிவிட்டால் பிறகு சரிபார்க்க முடியாது. சுவருக்கும் மெஷினுக்கும் 2 அல்லது 3 அங்குலம் விடுங்கள். காற்றோட்டத் துளைகளுக்கும் வயருக்கும் அது தேவை.

ரசமட்டத்தைக் கண்ணாடியின் மேலோ பக்கக் கம்பியின் மேலோ வைக்காதீர்கள். பிளேஃபீல்டின் பலகை மேலேயே வைத்துப் பக்கவாட்டு மட்டத்தை முதலில் பாருங்கள். பிறகு சாய்வு. 1980-களுக்குப் பிந்தைய மெஷின்களுக்கு 6.5 டிகிரி, எலக்ட்ரோமெக்கானிக்கல் என்றால் 3.5 டிகிரி. போனில் கோணம் காட்டும் செயலி இதற்குப் போதும்.

கண்மூடித்தனமாகத் திருகாமல் இருக்க ஒரு கணக்கு. லெவலரின் மரை அங்குலத்துக்கு 16. ஒரு முழுச் சுற்று 1/16 அங்குலம் உயர்த்தும். முன்காலுக்கும் பின்காலுக்கும் சுமார் 50 அங்குலம் என்பதால், பின்கால்கள் இரண்டையும் 14 சுற்று உயர்த்தினால் சாய்வு 1 டிகிரி கூடும். 5.5 காட்டுகிறதென்றால் 14, 6 காட்டுகிறதென்றால் 7. முன்கால் லெவலர்களைக் கிட்டத்தட்ட முழுதும் உள்ளே வைத்து, பின்கால்களில் மட்டும் உயரம் ஏற்றுங்கள். முடிந்ததும் மேலிருக்கும் பூட்டு நட்டைக் காலோடு இறுக்குங்கள்.

ஆன் செய்தபின் வரும் வழக்கமான புகார்கள்

தொடங்கியதுமே டில்ட் காட்டினால், குண்டை மாட்டிய கம்பி வளைந்திருக்கிறது, அல்லது குண்டு வளையத்தின் நடுவில் இல்லை. மட்டம் சரிசெய்தபின் குண்டை மாட்டினால் இந்தத் தொல்லை பாதியாகும். பந்து குறைகிறது என்று மெஷின் தேடிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கையைப் பாருங்கள். பிளேஃபீல்டுக்கு அடியில் ஓடும் பாதைகளில் ஒரு பந்து சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. டிஸ்ப்ளே மட்டும் எரியவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் தலைப்பெட்டியை மடித்தபோது தளர்ந்த ரிப்பன் கேபிள்தான் முதல் சந்தேகம். அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டுத்தான் கனெக்டர்களை அழுத்த வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டினால் போர்டு போய்விடும்.

ஒரு வாரம் விளையாடியபின் 8 கால் போல்ட்டுகளையும் மறுபடி சாக்கெட் வைத்துப் பாருங்கள். மரமும் ஃபெல்ட்டும் அழுந்தி உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பும். அப்போதே மட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால், கார்ப்பெட்டில் பாதங்கள் புதைந்ததால் வந்த வித்தியாசமும் சரியாகிவிடும்.